குறைத்துச் சொன்ன கணக்கு

உயிருக்கு அன்றைய விலை நாலே முக்கால் லட்சம். அறை வாடகை தனி, மருந்து தனி, மயக்க டாக்டருக்குத் தனி. துணைக்கு இருப்பவரின் சாப்பாடு இதில் சேராது என்று கடைசி வரியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.

கடைக்காரம்மா அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தாள். மருத்துவமனையின் மூன்றாம் மாடி வராந்தாவில் வரிசையாகப் பதினொரு நாற்காலிகள் இருந்தன. பத்துக்குக் கைப்பிடி இருந்தது. அவள் கைப்பிடி இல்லாத அந்த ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். பயம் வருகிறதா என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. "ரவுண்டா நாலுக்கு முடிக்கச் சொல்லணும்" என்பது மட்டும் வந்தது.

பக்கத்தில் கணக்கர் நின்றுகொண்டிருந்தார். கணக்கர் என்றால் அவள் புருஷன். பைப், குழாய், திருகு, ஆணி விற்கும் அவர்களுடைய கடையில் கல்லாவில் இருப்பது அவள், பின்பக்க மேசையில் லெட்ஜரோடு இருப்பது அவர். அதனால் கடைத்தெருவில் அவளுக்கு அந்தப் பெயர், அவருக்கு இந்தப் பெயர். விலைச்சீட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதை அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்லிவிட்டு வருகிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். கல்யாணமான புதிதில் ஒரு கட்டில் வாங்கப் போனபோது கடைக்காரன் சொன்ன விலையைக் கேட்டு "பரவாயில்லையே, கம்மிதான்" என்று இவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். பேரம் நடக்கும்போது கூட இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. முகத்தையும் திறக்கக் கூடாது. இருபத்துமூன்று வருடமாக அவர் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

"நாலேகால்னு ஆரம்பிக்கிறேன்" என்றாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

இந்த வராந்தாவுக்கு அவளைக் கொண்டுவந்து சேர்த்தது ஒன்றரை அங்குல மரத்திருகு ஒன்று. போன வருடம் ஒரு நாள் காலையில் அது செருப்புக்குள் விழுந்து பாதத்தில் ஏறியது. அவள் மத்தியானம் வரை அதன் மேல் நடந்தாள். சரக்கு இறக்கினாள், இரண்டு பேரைத் திட்டினாள், நிறுத்து நிறுத்து நாற்பது கிலோ ஆணி விற்றாள். தரையில் சிவப்பாக அடிச்சுவடு இருப்பதைப் பார்த்து ஒரு பிளம்பர், "அக்கா, பெயிண்ட் ஏதாவது கொட்டிடுச்சா?" என்று கேட்டபிறகுதான் தெரிந்தது. செருப்பைக் கழற்றி, திருகைப் பிடுங்கி, துடைத்து, பெட்டியில் போட்டாள். நூறு இருக்க வேண்டிய பெட்டி. தொண்ணூற்றொன்பது இருந்தால் வாங்குகிறவன் சும்மா விடமாட்டான்.

அந்தப் புண் ஆற நாலு மாதம் ஆனது. சர்க்கரை டாக்டர் ஒரு ஊசியால் இரண்டு காலிலும் குத்திக்கொண்டே வந்தார். தெரியுதா, தெரியுதா என்று கேட்டார். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே வந்தபிறகுதான் "தெரியுது" என்றாள். அடுத்த புண்ணுக்கு ஒரு விரல் போகலாம், அதற்கடுத்ததற்கு கால் போகலாம் என்றார் அவர். உடம்பைக் குறைக்காமல் சர்க்கரை குறையாது. பட்டினி, நடை, பொடி, ஊசி என்று எட்டு வருடமாக எல்லாம் செய்து பார்த்தாயிற்று. பத்து கிலோ போனால் பன்னிரண்டாகத் திரும்பி வந்தது. வட்டியோடு. இரைப்பையை வெட்டிக் குறைக்கிற ஆபரேஷன் ஒன்றுதான் மிச்சம்.

நூற்று முப்பத்தெட்டு கிலோ. வீட்டுத் தராசு நூற்று இருபதோடு நின்றுவிடும். கடையில் ஆணி மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில்தான் ஏறி நின்று பார்த்துக்கொள்வாள். பார்த்துவிட்டு, உடுப்புக்கு இரண்டு, செருப்புக்கு ஒன்று, காலையில் குடித்த தண்ணீருக்கு ஒன்று என்று கழித்து நூற்று முப்பத்துநாலு என்பாள். ஆஸ்பத்திரித் தராசு பழுதாகிக் கிடந்ததால் பதிவேட்டில் எடைக்கு நேரே அவள் வாயால் சொன்ன எண் நூற்று இருபத்தெட்டு. எந்த எண்ணையும் முதலில் முழுசாகச் சொல்கிறவன் ஏமாந்தவன் என்பது அவள் பிறந்த வீட்டில் பால்குடிப் பருவத்திலேயே எல்லோருக்கும் தெரியும்.

சர்ஜன் இளைஞர். மேசைமேல் ரப்பரில் செய்த ஓர் இரைப்பை வைத்திருந்தார். அதை இரண்டாகப் பிரித்துக் காட்டினார்.

"மொத்தம் எவ்வளவு எடுக்கிறீங்க டாக்டர்?"

"முக்கால் பங்கு. கொஞ்சம் கூடவும் வரலாம். மிச்சத்தை ஒரு குழாய் மாதிரி விடுவோம்."

குழாய் என்றதும் அவள் நிமிர்ந்தாள். "உள்ளளவு என்ன?"

சர்ஜன் கொஞ்சம் யோசித்தார். இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை போலிருந்தது. "அரை இஞ்ச் இருக்கும்."

"அரை இஞ்சுல என்னங்க போகும்? தோட்டத்துக்குத் தண்ணி விடுறதுக்கே பத்தாது."

"அதுக்குத்தாம்மா பண்றோம்."

"சரி, பாதி எடுங்க. எப்படி இருக்குன்னு பாப்போம். பிடிச்சிருந்தா மீதிய அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்."

"அப்படிப் பாதி பாதியா பண்ண முடியாது. எடுத்தா எடுத்ததுதான். திரும்ப ஒட்ட முடியாது."

"அப்போ விற்ற சரக்கு திரும்ப எடுத்துக்க மாட்டீங்க." அவள் ரப்பர் இரைப்பையைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "எடுத்த முக்கால என்ன பண்ணுவீங்க?"

"லேபுக்கு அனுப்புவோம்."

"பழசுக்கு ஒண்ணும் கழிக்க மாட்டீங்களா?"

சர்ஜன் சிரித்தார். அவளும் சிரிக்கிற மாதிரி உதட்டை வைத்துக்கொண்டாள். கணக்கர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சர்ஜன் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கிற ஆளில்லை. உயிருக்கு ஆபத்து, அவள் கொடுத்த விவரங்களை வைத்துப் பார்த்தால், ஆயிரத்தில் ஒன்று. தையல் போட்ட இடத்தில் கசிவு, நூற்றில் ஒன்று. இதைக் கேட்டபோது அவள் முகத்தைச் சுளித்தாள். இருபத்தாறு வருடத் தொழிலில் கசியாத ஜாயின்ட் அவள் பார்த்ததில்லை. என்றைக்குக் கசியும் என்பதுதான் வித்தியாசம். முதல் வருடம் முடி கொட்டலாம், பிறகு வரும். நெஞ்செரிச்சல் வரலாம். சத்து மாத்திரை ஆயுளுக்கும். கிடைப்பது என்னவென்றால் சர்க்கரை நன்றாக இறங்கும், முழங்கால் வலி குறையும், கால் தப்பலாம்.

"கால்ல போன உணர்ச்சி திரும்புமா?"

"அதுக்கு உத்தரவாதம் குடுக்க மாட்டேன். மேற்கொண்டு போகாம நிறுத்தலாம்." பிறகு கடைசியாக, இலவச இணைப்பு போலச் சொன்னார். "இன்னொரு நல்ல விஷயம். பசியைக் கிளப்புற சுரப்பு நாங்க எடுக்கிற பகுதியிலதான் அதிகம். அதனால பல பேருக்கு ரொம்ப நாளைக்குப் பசிங்கிறதே தெரியாது."

அவள் ரப்பர் இரைப்பையை மேசைமேல் வைத்தாள். விலை பேசவேண்டும் என்பதையே மறந்துவிட்டு வெளியே வந்தாள்.

காலில் ஊசி தெரியாமல் போனது போன வருடம்தான். மற்றபடி மனசு மரத்துப்போனது எப்போது தொடங்கியது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. மகள் வேலைக்காக வேறு ஊர் போன அன்று ரயில் நகர்ந்தது. கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவள் கையை ஆட்டினாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்து, நடைமேடையிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். அடுத்த ரயில் வந்தது. அதில் வந்தவர்கள் இறங்கிப் போனார்கள். வீட்டுக்கு வந்து மூன்று பேருக்கு ஆக்கியிருந்ததைச் சாப்பிட்டாள். அந்த அரைமணி நேரம் மட்டும் உள்ளே யாரோ குடியிருக்கிற மாதிரி இருந்தது. லாபம் வந்த நாளும் நஷ்டம் வந்த நாளும் இப்போது ஒரே மாதிரிதான் கழிகின்றன. பசி ஒன்றுதான் மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தவறாமல் வந்து கதவைத் தட்டுகிறது. தட்டுகிறவன் அவன் ஒருவன்தான். அவனையும் வரவேண்டாம் என்று சொல்வதற்கு நாலே முக்கால் லட்சம்.

சாம்பிள் பார்க்காமல் சரக்கு எடுக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை. அடுத்த நாள் மத்தியானம் எதிர்வரிசை பெயிண்ட் கடைக்குப் போனாள். பெயிண்ட் கடைக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆபரேஷனைச் செய்துகொண்டவர். ஒரு காலத்தில் அவர் கடையை விட்டு வெளியே வருவதற்கு டப்பா அடுக்கு ஒன்றை நகர்த்த வேண்டியிருந்தது. இப்போது பழைய சட்டைக்குள் வேறு யாரோ மாதிரி இருந்தார். கழுத்துத் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது.

"வாங்கக்கா. என்ன இந்தப் பக்கம், கடன் கேக்க வந்தீங்களா?"

"உன்னைப் பாக்கத்தான். திரும்பு. அப்படியே ஒரு சுத்து சுத்து."

அவர் கைகளை விரித்துச் சுற்றினார். "எப்படி?"

"பெட்டி பழசு, சரக்கு புதுசு. எவ்ளோ போச்சு?"

"அம்பத்தஞ்சு. அதுல நாலு திரும்பி வந்திருக்கு. மாடிக்கு நின்னு நின்னு போற ஆளு, இப்போ போன் பேசிக்கிட்டே ஏறுறேன். போன வாரம் என் பொண்ணுக்கு ஷூ லேஸ் கட்டி விட்டேன்க்கா. குனிஞ்சு! அவளுக்குப் பதினாறு வயசு, விடுப்பான்னு சொல்றா. நான் விடலையே."

"சரி, நல்லதெல்லாம் சொல்லிட்ட. மத்தது?"

அவர் மேசையில் ஒரு சின்னக் கிண்ணம் இருந்தது. அதில் வேகவைத்த ஏதோ இரண்டு ஸ்பூன் மிச்சம் இருந்தது. பக்கத்தில் கடிகாரம்.

"பசிக்க மாட்டேங்குது. மணி பாத்துச் சாப்பிடுறேன். சாப்பாட்டுக் கடை வாசல்ல போய் நின்னா பூட்டுக் கடை வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. எல்லாம் இருக்கு, எனக்கு ஒண்ணும் வேணாம்."

"கஷ்டமா இருக்கா?"

அவர் யோசித்தார். "முதல் ஆறு மாசம், யாரோ செத்துப்போன மாதிரி இருந்துச்சு. யாருன்னுதான் தெரியல. வீட்ல எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நான் மட்டும் துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி உக்காந்திருந்தேன். அப்புறம் பழகிடுச்சு."

"மறுபடி செய்வியா?"

"செய்வேன்." உடனே சொன்னார். பிறகு கொஞ்சம் குரலை இறக்கி, "ஆனா ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அந்த டாக்டர் நாளைக்குக் கூப்பிட்டு, ஒரே ஒரு நாளைக்குப் பழைய பசி தர்றேன், இந்தக் கடைய எழுதிக்குடுன்னு கேட்டா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி என்னைப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

"கடை மொத்தமுமா?"

"பெயிண்ட் மட்டும். பிரஷ் எனக்கு."

அவள் திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தாள். சாம்பிளில் குறையும் இல்லை, நிறைவும் இல்லை. அப்படிப்பட்ட சரக்கில்தான் வியாபாரி மாட்டிக்கொள்கிறான்.

அடுத்த வாரம் மயக்க டாக்டரிடம் போகச் சொல்லியிருந்தார்கள். மயக்கமருந்து கொடுக்கும் முன் அந்த அம்மாதான் உடம்பைச் சோதித்து ஒப்புதல் தரவேண்டும். ஐம்பது வயதுக்காரர், குட்டை முடி, பேச்சில் வளைவு நெளிவு கிடையாது. அறையில் கைப்பிடி இல்லாத பெஞ்சு ஒன்று போட்டு வைத்திருந்தார். கடைக்காரம்மாவுக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைப் பிடித்துப்போனது. பிடித்துப்போனால் இன்னும் கவனமாகப் பேரம் பேசவேண்டும்.

"எத்தனை மாடி நிக்காம ஏறுவீங்க?"

"ரெண்டு." அரை மாடிக்கே கைப்பிடிச் சுவரில் சாய்வாள்.

"முழங்கால் வலிக்கு மாத்திரை?"

"எப்பவாவது." தினம் இரண்டு.

"பகல்ல தூக்கம் தூக்கமா வருதா?"

"வியாபாரத்துல ஏதுங்க தூக்கம்?" நாலு மணிக்குக் கல்லாவிலேயே கண் செருகிவிடும்.

"குறட்டை?"

"லேசா."

"தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருதுன்னு யாராவது சொல்லியிருக்காங்களா?"

"யாரும் சொன்னதில்ல" என்றாள். வந்ததிலிருந்து அவள் சொன்னதில் இது ஒன்றுதான் கழிக்காத உண்மை.

"நிக்குது" என்றார் கணக்கர்.

குரல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பது போலக் கடைக்காரம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அவர் எழுந்து நின்றிருந்தார். நின்றதற்கு ஒரு காரணமும் இல்லை. பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"நிக்குதுங்க டாக்டர். ஒரு ராத்திரிக்கு முப்பது, நாப்பது தடவை. எழுதி வெச்சிருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து கடையின் பழைய எஸ்டிமேட் புத்தகம் ஒன்றை எடுத்தார். பின்பக்கத் தாள்களில் பென்சிலால் கோடு கோடாக இழுத்து, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தார். ஆணி மூட்டை எண்ணுகிற முறை. ஒவ்வொரு தாளுக்கும் தேதி. சில கோடுகளுக்குப் பக்கத்தில் எண்கள்: இருபத்திரண்டு, முப்பது, முப்பத்தைந்து.

"இந்த நம்பர் என்ன?" டாக்டர் கேட்டார்.

"மூச்சு நின்னதும் எண்ண ஆரம்பிப்பேன். எத்தனைல திரும்ப வருதோ, அது. அதிகபட்சம் நாப்பத்தொண்ணு. நாப்பது தாண்டினதும் தோளைத் தட்டிட்டேன். ரெண்டு மாடி ஏற மாட்டாங்க டாக்டர். மாத்திரை தினம் ரெண்டு. எடை நூத்தி முப்பத்தெட்டு." சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார். காதோரம் வியர்த்திருந்தது.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கடைக்காரம்மா பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க யார்கிட்ட குறைச்சுப் பேசுறீங்க? நான் எதுவும் விக்கலையே. நீங்க சொல்ற நம்பரை வெச்சுத்தான் நான் மருந்தை அளக்கிறேன்."

அவள் புத்தகத்தில் இருந்த பென்சில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயிரத்துல ஒண்ணுன்னு சர்ஜன் சொன்னாரில்ல, அது இந்தத் தாள்ல இருக்கிற பொம்பளைக்கு." டாக்டர் படிவத்தைத் தட்டிக் காட்டினார். "நூத்தி இருபத்தெட்டு கிலோ, ரெண்டு மாடி ஏறுவா, நிம்மதியா தூங்குவா. அந்தப் பொம்பளைக்கு நல்ல ரேட்டு வாங்கிக் குடுத்திருக்கீங்க. மேசைல படுக்கப்போறது அவ இல்ல."

தொழிலில் முதல்முறையாக, தான் பேசி முடித்த பேரத்தின் லாபம் வேறு யாருக்கோ போனதைக் கடைக்காரம்மா பார்த்தாள். கோபம் வருகிறதா என்று காத்திருந்தாள். புருஷன்மேல் வரும் என்று நினைத்தாள். வரவில்லை. நாற்பத்தொன்று என்ற எண் மட்டும் தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. கடையில் நின்றுகொண்டு நாற்பத்தொன்று எண்ணிப் பார்த்தால் எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு வாடிக்கையாளரைக் காக்கவைத்தால் அதற்குள் போய்விடுவான்.

"இப்போ என்ன ரேட்டு?" என்றாள்.

"சோதனை பண்ணாம சொல்ல மாட்டேன். தூக்கத்துல என்ன நடக்குதுன்னு ஒரு டெஸ்ட். அப்புறம் மூக்குல மாட்டிக்கிற மெஷின், ஆறு வாரம். வலி மாத்திரையை நிறுத்துங்க. அப்புறம் வாங்க, உங்களுக்குன்னு ஒரு நம்பர் சொல்றேன்."

"ஆபரேஷனே வேணாம்னு விட்டுட்டா?"

"அதுக்கும் விலை இருக்கும்மா. அது தவணைல போகும். ஒவ்வொரு விரலா."

அன்றைக்குப் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கடைக்காரம்மா முழு எண்ணைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் வாய் தானாகக் கொஞ்சம் குறைக்கப் பார்த்தது. கணக்கர் பக்கத்தில் இருமினார்.

காரில் திரும்பும்போது அவள் கேட்டாள். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா, இருபதுன்னு வெச்சுக்கலாம்னு சொல்லுவ."

அது நியாயமாகத்தான் பட்டது.

மெஷின் வந்தது. யானைத் துதிக்கை மாதிரி ஒரு குழாய், முகத்தில் ஒரு மூடி. முதல் மூன்று நாள் அவள் அதை எடுத்து எறிந்தாள். நாலாம் நாளிலிருந்து விடியும்வரை கிடந்தது. ஐந்தாம் நாள் காலை கடை திறக்க ஒரு மணி நேரம் தாமதமானது. கணக்கர் எழுந்திருக்கவில்லை. தட்டினாலும் புரண்டு படுத்தார். இரண்டு பிளம்பர்கள் ஷட்டருக்கு வெளியே நின்று, "என்னக்கா, கணக்கு டேலி ஆகலையா?" என்று கேலி செய்தார்கள். ஒன்றரை வருடமாக லெட்ஜர் மேல் தலை சாய்த்துவிடுகிற அந்த மனுஷனைத் தூங்குமூஞ்சி என்று அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒரு நாளும் திருப்பிச் சொன்னதில்லை. இப்போது மத்தியானத்தில் அவர் தலை சாயவில்லை. கூட்டலில் தப்பு வரவில்லை. அவளுக்கு நாலு மணிக்குக் கண் செருகவில்லை.

ஆறு வாரம் முடிந்து மயக்க டாக்டர் நம்பர் சொன்னார். முந்நூற்றில் ஒன்று. தோராயம்தான், ஆனால் இது உங்களுக்கான எண் என்றார். அடுத்த புதன்கிழமை இடம் இருக்கிறது. வேண்டுமானால் இன்று சாயங்காலம் ஐந்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும்.

மத்தியானம் மூன்று மணி. தெருவில் வியாபாரம் இல்லை. கடைக்காரம்மா கல்லாவை விட்டு இறங்கிப் பின்மேசைக்குப் போய், கணக்கருக்கு எதிரே ஆணி மூட்டைமேல் உட்கார்ந்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடுவில் கோடு போட்டாள்.

"இந்தப் பக்கம் கிடைக்கிறது. அந்தப் பக்கம் போறது. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க."

"மெஷினே போதும்னா ஆபரேஷன் எதுக்கு?" என்றார் அவர். வாயைத் திறக்கப் பழகிவிட்டிருந்தார்.

"மெஷின் மூக்குக்கு. காலுக்கு யாரு? எழுதுங்க. கால் ரெண்டு."

எழுதினார்.

"மாடி. முழங்கால். சர்க்கரை." எழுதினார். "அந்தப் பக்கம், முந்நூத்துல ஒண்ணு. நூத்துல ஒண்ணு கசிவு. முடி. ஆயுசுக்கும் மாத்திரை."

"முடி திரும்ப வரும்னு சொன்னாங்க."

"கைமாத்துன்னு போடுங்க. அப்புறம், பசி."

"எந்தப் பக்கம்?"

 அவர் பென்சிலைத் தூக்கியபடி காத்திருந்தார். எதிர்க்கடையில் யாரோ டப்பாவை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"டாக்டர் கிடைக்கிற பக்கம் போட்டாரு" என்றாள். "எனக்கு அது போற பக்கம். மத்தியானம் அது ஒண்ணுதான் வருது. வேற எதுவும் வர்றதில்ல. உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"எத்தனை நாளாத் தெரியும்?"

"பாப்பா போன நாள்லேர்ந்து. ரயிலடியில நீ நின்ன பாரு." அவர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "ரெண்டு பக்கமும் ஒரே ஐட்டம் வந்தா ரெண்டுலயும் எழுதி அடிச்சிடணும். அதுதான் முறை."

"அடிச்சிட்டா இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது. கூட்டலுக்கு வராது. அவ்வளவுதான்."

இரண்டு பக்கமும் பசி என்று எழுதி, இரண்டையும் ஒரே கோட்டால் அடித்தார். ஒழுங்கான கோடு. கீழே என்ன எழுத்து என்று இன்னும் படிக்க முடிந்தது.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி மேலிருந்து கீழே பார்த்தாள். ஏதோ விட்டுப்போயிருந்தது.

"அந்த எஸ்டிமேட் புத்தகத்தக் குடுங்க. மொத்தம் எத்தனை ராத்திரி?"

"எதுக்கு?"

"குடுங்க."

அவர் பையிலிருந்து எடுக்காமலே சொன்னார். "ஐநூத்தி முப்பத்தொண்ணு. நடுவுல பதினாறு ராத்திரி நான் அசந்து தூங்கிட்டேன். அதை எழுதல."

"தூங்காம எண்ணினது ஐநூத்தி முப்பத்தொண்ணா?"

"ஆமா."

வாய் பழக்கத்தில் தானாக வந்தது. "ஐநூறுன்னு வெச்சுக்கலாமே."

"முடியாது" என்றார் கணக்கர்.

கட்டில் கடையில் கம்மிதான் என்று சொன்ன மனுஷன். அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு சின்னத் திறப்பும் இல்லை. இந்த முகத்தோடு இருபத்துமூன்று வருடத்துக்கு முன்பே கல்லாவில் உட்கார்ந்திருந்தால் கடை இரண்டு மாடி ஏறியிருக்கும்.

"ஐநூத்தி இருபத்தஞ்சு?"

"ஒரு ராத்திரி குறைக்க மாட்டேன்."

கண்ணில் தண்ணீர் வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. ஆனால் கணக்கு தெரிந்தது. பணக் கடனாக இருந்தால் அவள் போனபின் மகள் கட்டிவிடலாம். தூக்கத்தை வாங்கியவள்தான் திருப்பித் தரவேண்டும். அவர் நிம்மதியாகத் தூங்கும்படி அவள் பக்கத்தில் இருந்தாக வேண்டும், இரண்டு காலோடு, அவர் தூக்கிவிட வேண்டிய அவசியம் இல்லாமல், குறைந்தது ஐநூற்று முப்பத்தொரு ராத்திரி. தவணையில் விரல் விரலாகப் போகிற வழியில் அவ்வளவு ராத்திரி நிம்மதி தேறுமா என்பது சந்தேகம். இந்த வழியில் முந்நூறு பேரில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் தேறுகிறார்கள். இதைவிட மோசமான வாய்ப்பில் அவள் எத்தனையோ முறை சரக்கு எடுத்திருக்கிறாள்.

"முன்பணத்த அனுப்பிடுங்க" என்றாள்.

"நாலேகாலுக்குக் கேக்கலையா?"

"கேட்டேன். நாலரைக்கு இறங்கினாங்க. துணைக்கு இருக்கிறவர் சாப்பாடும் சேத்து."

அவர் போனை எடுத்தார்.  எண்களை இரண்டு முறை சரிபார்த்தார். பணம் போனதற்கான சத்தம் வந்தது. அவள் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கி, தாளின் அடியில், கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேராமல், தானே எழுதினாள்.

கிடைப்பது: கால் இரண்டு, மாடி, முழங்கால், சர்க்கரை.
போவது: முக்கால் இரைப்பை, முந்நூற்றில் ஒன்று, நூற்றில் ஒன்று, ஆயுசுக்கும் மாத்திரை. முடி, கைமாற்று.
பசி: இரு பக்கமும். அடித்தாயிற்று.
கணக்கருக்குத் தரவேண்டிய தூக்கம்: ராத்திரி ஐநூற்று முப்பத்தொன்று. மெஷின் வந்தபின் திருப்பியது: முப்பத்தொன்பது. கழிவு இல்லை. பாக்கி நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.